கேள்வி கேட்கும் கட்டளைவரி நிரல்களுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக விடை கொடுப்பது எப்படி?

கணினிக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியின் கணினிக்கூடத்தில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லாக் கணினிகளிலும் லினக்ஸைப் புதிதாக நிறுவி ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் உள்ளது. இரண்டாவது வட்டில் 200 ஜிபி அளவுக்கு ஒரு பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பகுதி) உருவாக்குவது, மாணவர் கணக்குகளுக்குக் கடவுச்சொல் அமைப்பது, ஒரு பொறியியல் மென்பொருளின் உரிமத்தைப் பதிவு செய்வது ஆகிய மூன்று வேலைகளும் முனையத்தில் வரிசையாகக் கேள்வி கேட்கும் நிரல்களால் நடைபெறுகின்றன. ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து ஒரே விடைகளைத் தட்டச்சு செய்வதைத் தவிர்ப்பதற்காக, விடைகளை பிரிண்ட்எஃப் கட்டளையால் வரிவரியாக அச்சிட்டு அவற்றைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் இணைப்பு) மூலம் அந்தந்த நிரலுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியுள்ளேன்.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. உரிமப் பதிவு நிரல் முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் அனுப்பிய விடைகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பைப்பில் வந்ததைப் பொருட்படுத்தாமல் விசைப்பலகையை எதிர்பார்த்து நின்றுவிடுகிறது. அதே ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் வழியாக இயக்கினால் முனையம் இல்லை என்ற பிழையுடன் வெளியேறிவிடுகிறது. இரண்டாவதாக, பார்ட்டிஷன் உருவாக்கும் பகுதி சில கணினிகளில் 200 ஜிபிக்குப் பதிலாக வட்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தியோ தோல்விக் குறியீடோ வருவதில்லை. இவற்றின் காரணத்தைப் புரிந்துகொண்டு சரிசெய்ய விரும்புகிறேன்.

வரிமுனை எழுதியது:

வணக்கம் நண்பரே. முதல் சிக்கலுக்கான காரணத்தைச் சொல்கிறேன். பைப் மூலம் நீங்கள் அனுப்புவது எஸ்டிடின் என்று நாம் சொல்லும் செந்தர உள்ளீட்டுக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் ஒரு நிரல் தன் விடைகளை அங்கிருந்துதான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கடவுச்சொல் போன்ற விடைகளை மனிதர் ஒருவரே தட்டச்சு செய்ய வேண்டும் என்று கருதும் நிரல்கள் ‘/டெவ்/டிடிஒய்’ என்ற சாதனக் கோப்பைத் தாமே திறந்து, தம்மை இயக்கிய முனையத்திலிருந்து நேரடியாகப் படிக்கின்றன. கிரான் இயக்கும் வேலைக்குக் கட்டுப்பாட்டு முனையம் கிடையாது. ஆகவே அந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் உங்கள் நிரல் பிழையுடன் வெளியேறுகிறது.

இப்படி அமைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. கோப்புகளை ஒரே காப்பகமாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டை, தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்புவதை எண்ணிப் பாருங்கள். அங்கே எஸ்டிடின் முழுவதும் தரவுக்காகப் பயன்படுகிறது. கடவுச்சொல்லையும் அதே வழியில் படித்தால், காப்பகத்தின் முதல் சில பைட்டுகளையே கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ள நேரிடும். எனவே தரவுக்கு ஒரு வழியும் மனிதருக்கு இன்னொரு வழியும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. நிர்வாகி உரிமையுடன் கட்டளைகளை இயக்கும் சூடோவும் இவ்வாறே நடந்துகொள்கிறது; அதற்கு ‘பெரிய எஸ்’ விருப்பத்தைக் கொடுத்தால் மட்டுமே கடவுச்சொல்லை எஸ்டிடினிலிருந்து படிக்கும்.

உங்கள் உரிம நிரலும் இதைத்தான் செய்கிறதா என்பதை உறுதிசெய்ய, அதை எஸ்ட்ரேஸ் கருவியின் கீழ் இயக்கி, எந்தக் கோப்புகளைத் திறக்கிறது, எந்த எண்ணுள்ள கோப்பு விவரிப்பியிலிருந்து (திறந்த கோப்புக்குக் கிடைக்கும் எண்) படிக்கிறது என்று பாருங்கள். எஸ்டிடினைக் குறிக்கும் பூஜ்யத்திலிருந்து படித்தால் பைப் போதும். டிடிஒய் திறக்கப்பட்டு அதற்குக் கிடைத்த எண்ணிலிருந்து படித்தால் பைப் ஒருபோதும் பயன்படாது.

நெடுவரி எழுதியது:

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் முதல் நிரல் நின்றுபோய் உங்களை எச்சரித்தது, இதுவோ தவறான வேலையைச் செய்துவிட்டு வெற்றி என்று சொல்கிறது.

பார்ட்டிஷன் உருவாக்கும் எஃப்டிஸ்குக்கு நீங்கள் அனுப்பும் விடைகள் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: புதிய பார்ட்டிஷனுக்கான ‘என்’, அதன்பின் மூன்று வெற்று வரிகள், பிறகு ‘+200ஜி’, இறுதியில் எழுதிச் சேமிப்பதற்கான ‘டபிள்யூ’. வட்டில் பழைய டாஸ் வகை பார்ட்டிஷன் அட்டவணை இருந்தால் இவை சரியாகப் பொருந்தும்: முதல் வெற்று வரி முதன்மை வகையா நீட்டித்த வகையா என்ற கேள்விக்கும், இரண்டாவது பார்ட்டிஷன் எண்ணுக்கும், மூன்றாவது தொடக்கப் பிரிவுக்கும் விடையாகின்றன, அளவு இறுதிப் பிரிவுக்கான கேள்விக்குப் போகிறது. ஆனால் வட்டில் புதிய வகையான ஜிபிடி அட்டவணை இருந்தால் முதன்மை, நீட்டித்த என்ற பாகுபாடே கிடையாது என்பதால் அந்தக் கேள்வியை எஃப்டிஸ்க் கேட்பதில்லை. விடைகள் அனைத்தும் ஓர் இடம் முன்னே நகர்கின்றன. மூன்றாவது வெற்று வரி இறுதிப் பிரிவுக்கான விடையாகிவிட, ‘உள்ள இடம் முழுவதும்’ என்ற இயல்பு மதிப்பு ஏற்கப்படுகிறது. அடுத்து வரும் ‘+200ஜி’ தலைமைப் பட்டியலில் அறியாத கட்டளை என்று தள்ளப்படுகிறது. அதன்பின் வரும் ‘டபிள்யூ’ அத்தனையையும் வட்டில் எழுதிவிடுகிறது. எந்தக் கணினிகளில் முழு வட்டும் போயிற்றோ அவற்றில் ஜிபிடி அட்டவணை இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

விடைகளைக் கேள்வி பாராமல் வரிசையை மட்டும் நம்பி அனுப்பும் எந்த ஸ்கிரிப்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. வட்டின் நிலை, மென்பொருளின் பதிப்பு, ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்புக் கோப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒரு கேள்வியைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதற்குப் பிறகான எல்லா விடைகளும் தவறான கேள்விக்குப் போய்ச் சேரும். அழிக்கும் ஆற்றல் உள்ள நிரல்களிடம் இந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகையால் கேள்விகளுக்கு எப்படி விடை தருவது என்று யோசிப்பதற்கு முன்னால், கேள்வியே கேட்காமல் அதே வேலையைச் செய்யும் வழி அந்த நிரலுக்கோ அதன் துணை நிரலுக்கோ இருக்கிறதா என்று தேடுங்கள். எஃப்டிஸ்குடன் ஒரே தொகுப்பில் வரும் எஸ்எஃப்டிஸ்க் ஸ்கிரிப்டுகளுக்காகவே எழுதப்பட்டது. அட்டவணை வகை, அளவு ஆகியவற்றைப் பெயரிட்டுச் சொல்லும் சில வரிகளை அது எஸ்டிடினிலிருந்து படிக்கிறது. 2015-இல் வெளியான யூட்டில்-லினக்ஸ் 2.26 முதல் ஜிபிடியையும் கையாள்கிறது. ஒரு மாதிரிக் கணினியின் அமைப்பை ‘டம்ப்’ விருப்பத்தால் கோப்பாக எடுத்து, அதையே மற்றக் கணினிகளுக்கு ஊட்டலாம். ‘நோ-ஆக்ட்’ விருப்பம் கொடுத்தால் எதையும் எழுதாமல் என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டும்.

மாணவர் கணக்குகளுக்கு பாஸ்வேர்ட் கட்டளையை விட்டுவிட்டு சிஎச்-பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல் என்ற வடிவில் வரிகளை எஸ்டிடினில் கொடுத்தால், எல்லாக் கணக்குகளையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். டெபியன் வகைக் கணினிகளில் பொதி நிறுவலின் நடுவே வரும் நீலத்திரைக் கேள்விகளுக்கு டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ் என்ற கட்டளையால் முன்கூட்டியே விடையளிக்கலாம்; டெபியன் ஃப்ரண்ட்எண்ட் என்ற சூழல் மாறிக்கு நான்இன்டராக்டிவ் என்று மதிப்பிட்டால் கேள்வித் திரை தோன்றாது. எஸ்எஸ்ஹெச்-கீஜென், ஓபன்எஸ்எஸ்எல், ஜிபிஜி ஆகிய மூன்றுக்குமே விடைகளைக் கட்டளைவரியில் கொடுக்கும் விருப்பங்கள் உள்ளன.

சிறுநிரல் எழுதியது:

நெடுவரி அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் எஸ்டிடின் வழியாக ஊட்டுவதையே ஒட்டுமொத்தமாகக் குறை கூறுவதுபோல் அது படிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கேள்வி கேட்டு விடை வாங்கும் நிரல்கள் வேறு. கட்டளைகளைத் தமது மொழியில் படித்து இயங்கும் நிரல்கள் வேறு. கணிப்பு நிரலான பிசி, தரவுத்தள நிரல்களான எஸ்கியூலைட், பிஎஸ்கியூஎல், பிழைதிருத்தியான ஜிடிபி ஆகியவை இரண்டாம் வகை. அவற்றுக்கு ஹியர்-டாக்குமெண்ட் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிய வரிகளை உள்ளீடாகத் தரும் முறை) மூலம் பத்து வரிகளைக் கொடுப்பதில் வரிசை பிசகும் அபாயம் இல்லை, ஏனெனில் ஒவ்வொரு வரியும் தன்னளவில் பொருள் நிறைந்தது. இவ்வகையில் நான் எழுதிய ஸ்கிரிப்டுகள் பல ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடுகின்றன.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஹியர்-டாக்குமெண்ட்டின் முடிவுச் சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால், உள்ளே இருக்கும் டாலர் குறிகளையும் பின்மேற்கோள்களையும் ஷெல் தானே விரித்துவிடும். டாலர் குறி கொண்ட கடவுச்சொல் ஒன்று அமைதியாகச் சிதைவது பெரும்பாலும் இதனால்தான். பிஎஸ்கியூஎல் நிரல் இயல்பாக ஒரு வரியில் பிழை ஏற்பட்டாலும் அடுத்த வரிக்குப் போய், இறுதியில் வெற்றிக் குறியீட்டையே தரும். ஆன்-எரர்-ஸ்டாப் மாறியை அமைத்தால்தான் பிழை வந்த இடத்தில் நின்று 3 என்ற குறியீட்டுடன் வெளியேறும். எஸ்கியூலைட்டுக்கு ‘பெய்ல்’ விருப்பம் அதே வேலையைச் செய்கிறது.

புதுமுனைவர் எழுதியது:

எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்பதே விடையாக இருந்தால் யெஸ் கட்டளையைப் பயன்படுத்தலாமா? அதை என் ஸ்கிரிப்டில் சேர்த்தபோது, வேலை சரியாக முடிந்தும் வெளியேற்றக் குறியீடு 141 என்று வருகிறது.

வரிமுனை எழுதியது:

யெஸ் கட்டளை தன்னை யாரேனும் நிறுத்தும்வரை ‘ஒய்’ என்ற எழுத்தை வரிவரியாக அச்சிட்டுக்கொண்டே இருக்கும். வலப்பக்க நிரல் வேலையை முடித்து வெளியேறியதும், படிக்க ஆளில்லாத பைப்பில் எழுத முயன்றதற்காக யெஸ்ஸுக்கு சிக்பைப் என்ற 13-ஆம் எண் சைகை வந்து அது இறக்கிறது. ஷெல் 128-உடன் 13-ஐக் கூட்டி 141 என்று தெரிவிக்கிறது. நீங்கள் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கியிருப்பதால் இடப்பக்க நிரலின் இந்த முடிவு முழு வரிசையின் முடிவாகக் காட்டப்படுகிறது. பாஷ் ஷெல்லில் பைப்ஸ்டேட்டஸ் என்ற அணியைப் பார்த்தால் ஒவ்வொரு நிரலின் குறியீட்டையும் தனித்தனியாக அறியலாம்.

எனினும் கேள்விகள் என்னவென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்வது, முன்பு பேசிய வரிசைப் பிசகைவிடவும் ஆபத்தானது. ஆப்ட்-கெட், எஃப்எஸ்சிகே போன்றவற்றில் ‘-ஒய்’ விருப்பம் இருக்கும்போது யெஸ்ஸுக்கு அங்கே இடமே இல்லை.

கணினிக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தவறு நடந்த கணினிகளில் ஜிபிடி அட்டவணையே இருந்தது. எஸ்எஃப்டிஸ்குக்கும் சிஎச்-பாஸ்வேர்டுக்கும் மாறிவிட்டேன். உரிம நிரலை எஸ்ட்ரேஸில் இயக்கியபோது வரிமுனை சொன்னபடியே டிடிஒய் திறக்கப்படுவது தெரிந்தது. அதன் கையேட்டை முழுவதும் படித்தேன். கேள்வியின்றி இயங்கும் விருப்பம் எதுவும் அதில் இல்லை. இந்த ஒன்றுக்கு என்ன வழி?

நெடுவரி எழுதியது:

அப்படியானால் எக்ஸ்பெக்ட் உங்களுக்குத் தேவை. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய டான் லீபெஸ் இதை உருவாக்கி 1990-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். பெர்க்லியில் ஜான் ஓஸ்டர்ஹவுட் அப்போது உருவாக்கியிருந்த டிசிஎல் மொழியின் மேல் அது கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வேலைக்கு நான் முதலில் நாடும் கருவி அதுதான்.

எக்ஸ்பெக்ட் உங்கள் நிரலைப் பைப்பில் இணைப்பதில்லை. இயக்க அமைப்பின் கருவான கெர்னல் தரும் போலி முனையம் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிரலை இயக்குகிறது. அதுவே அந்த நிரலின் கட்டுப்பாட்டு முனையமாகவும் ஆவதால், டிடிஒய் கோப்பைத் திறந்தாலும் எக்ஸ்பெக்ட்டிடமே வந்து சேரும். கிரானில் இயங்கினாலும் இது பொருந்தும். ஸ்பான் கட்டளையால் நிரலைத் தொடங்கி, எக்ஸ்பெக்ட் கட்டளையால் குறிப்பிட்ட கேள்விக்காகக் காத்திருந்து, அது திரையில் வந்த பிறகே சென்ட் கட்டளையால் விடையை அனுப்புகிறோம். விடை கேள்வியோடு பிணைக்கப்படுவதால் வரிசைப் பிசகு நேர வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாக முழுமை அடைந்துவிடாது. பின்வருவனவற்றை நீங்களே கவனித்து எழுத வேண்டும்.

இவற்றில் முதன்மையானது காலவரம்பு. எதிர்பார்த்த கேள்வி வராவிட்டால் எக்ஸ்பெக்ட் இயல்பாகப் பத்து நொடிகள் காத்திருக்கும். அதற்குப் பிறகு அது நின்றுவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், காலாவதிக்கென்று ஒரு கிளை எழுதப்படாவிட்டால் அது எந்தப் பிழையும் சொல்லாமல் அடுத்த வரிக்குச் சென்று, வராத கேள்விக்கான விடையை அனுப்பிவிடும். அதாவது காலாவதிக் கிளை இல்லாத எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட், நாம் தவிர்க்க நினைத்த குருட்டுப் பைப்பாகவே மாறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு காத்திருப்பிலும் காலாவதிக்கும், நிரல் இடையிலேயே முடிந்துபோவதைக் குறிக்கும் இஓஎஃப்புக்கும் கிளைகள் எழுதி, இரண்டிலும் பூஜ்யம் அல்லாத குறியீட்டுடன் வெளியேறுங்கள். இவற்றை ஸ்பான் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே எக்ஸ்பெக்ட்-ஆஃப்டர் கட்டளையால் ஒருமுறை அறிவித்தால் எல்லா இடங்களுக்கும் பொருந்தும்.

அடுத்ததாக, சென்ட் அனுப்பும் ஒவ்வொரு விடையின் இறுதியிலும் பின்சாய்கோடு ‘ஆர்’ இருக்க வேண்டும், ‘என்’ அன்று. மனிதர் என்டர் விசையை அழுத்தும்போது முனையம் அனுப்புவது அந்த எழுத்தைத்தான். கேள்வியில் ‘ஒய்/என்’ என்பது சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால், டிசிஎல் மொழியில் இரட்டை மேற்கோளுக்குள் வரும் சதுர அடைப்பு ஒரு கட்டளையை இயக்கும் குறியீடாகக் கொள்ளப்படும் என்பதால், அதைச் சுருள் அடைப்புக்குள் இட்டு ‘-இஎக்ஸ்’ விருப்பத்துடன் எழுதுங்கள். போலி முனையம் நீங்கள் அனுப்பிய விடையையும் திரும்பக் காட்டும். ஆகவே விடையில் உள்ள சொல்லே அடுத்த எதிர்பார்ப்பாகவும் இருந்தால் நிரல் பேசுவதற்கு முன்பே பொருந்திவிடும். கேள்வியின் தனித்துவமான பகுதியை, இறுதி முக்காற்புள்ளி வரை, எதிர்பார்ப்பாக வையுங்கள்.

கேள்விகள் வேறு மொழியில் தோன்றினாலும் பொருத்தம் தவறும் என்பதால், ஸ்பானுக்கு முன் எல்சி-ஆல் என்ற சூழல் மாறியை ‘சி’ என்று அமைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இஓஎஃப் வரை காத்திருந்து, வெயிட் கட்டளை தரும் பட்டியலின் நான்காவது உறுப்பை எடுத்து அதையே உங்கள் ஸ்கிரிப்டின் வெளியேற்றக் குறியீடாகத் திருப்புங்கள். இல்லையேல் உள்ளே உரிமப் பதிவு தோற்றாலும் வெளியே வெற்றி என்றே தெரியும். ஆட்டோ-எக்ஸ்பெக்ட் என்ற துணைக் கருவி நீங்கள் கையால் செய்யும் உரையாடலைப் பதிந்து ஒரு வரைவை உருவாக்கித் தரும். அது பதிவதில் தேதி, நேரம் போன்ற மாறும் பகுதிகளும் கலந்திருக்கும் என்பதால், அவற்றை நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

புதுமுனைவர் எழுதியது:

எக்ஸ்பெக்ட் நிறுவாமல், ஸ்கிரிப்ட் என்ற கட்டளையால் போலி முனையம் உருவாக்கி, ஸ்லீப் மூலம் சில நொடிகள் இடைவெளி விட்டு விடைகளை அனுப்பும் முறையை ஓரிடத்தில் பார்த்தேன். அது போதாதா?

வரிமுனை எழுதியது:

போதாது. கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் எழுத்துகள் திரையில் தெரியாதபடி முனையத்தை மாற்றும்போது, அதுவரை வந்து படிக்கப்படாமல் கிடக்கும் உள்ளீட்டையும் துடைத்துவிடுவது வழக்கம். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் கெட்பாஸ் செயல்கூறு டிசிஎஸ்ஏ-ஃப்ளஷ் என்ற அமைப்பால் இதைத்தான் செய்கிறது. கேள்வி வருவதற்கு ஒரு கணம் முன்னால் விடை வந்துவிட்டால் அது மறைந்துபோகும். நிரல் காத்துக்கொண்டே இருக்கும். கணினியின் சுமைக்கு ஏற்ப அந்த நேரம் மாறுவதால் எத்தனை நொடி ஸ்லீப் வைத்தாலும் உறுதி கிடைக்காது. கேள்வியைக் கண்ட பிறகு விடையளிப்பதே இதற்கு ஒரே தீர்வு.

பாம்புநிரல் எழுதியது:

பைதான் அறிந்தவர்கள் பிஎக்ஸ்பெக்ட் நூலகத்தையும் கருதலாம். அதன் இயல்புக் காலவரம்பு முப்பது நொடிகள்; எதிர்பார்த்தது வராவிட்டால் அடுத்த வரிக்கு நழுவாமல் விதிவிலக்கை எழுப்பி நிரலை நிறுத்துகிறது. நெடுவரி சுட்டிய ஆபத்து இதில் இயல்பாகவே இல்லை என்பதால் புதியவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். எக்ஸ்பெக்ட்டுக்காக டிசிஎல் கற்க வேண்டியதும் இல்லை.

நெடுவரி எழுதியது:

நியாயமான கருத்து. ஏற்கெனவே பைதான் இருக்கும் கணினிகளில் அது நல்ல தேர்வு. கூடத்தின் கணினிகள் நிறுவப்பட்ட நிலையில் எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

காவற்கோப்பு எழுதியது:

இதுவரை யாரும் கடவுச்சொல் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பேசவில்லை. கட்டளைவரியில் எழுதினால், இயங்கும் நேரத்தில் அந்தக் கணினியில் உள்ள எந்தப் பயனரும் பிஎஸ் கட்டளையால் அதைப் படிக்க முடியும். மாணவர்கள் உள்நுழையும் கூடத்தில் இது கற்பனையான அச்சம் அன்று. சூழல் மாறியை நிர்வாகிக் கணக்கான ரூட்டும் அதே பயனரும் மட்டுமே காண முடியும் என்றாலும், அது எல்லாச் சேய்ச் செயல்முறைகளுக்கும் கடத்தப்படுகிறது. ரூட்டுக்குச் சொந்தமான, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிற 0600 அனுமதி கொண்ட தனிக் கோப்பிலிருந்து எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்டே படித்துக்கொள்வது மேலானது. கடவுச்சொல் அனுப்பும் பகுதியில், உரையாடலை வெளியீட்டில் காட்டும் லாக்-யூசர் அமைப்பைப் பூஜ்யமாக்குங்கள். பதிவுக் கோப்புகள் பலராலும் படிக்கப்படுபவை.

எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல்லுக்கு எக்ஸ்பெக்ட்டையோ எஸ்எஸ்ஹெச்-பாஸையோ பயன்படுத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அங்கே திறவுகோல் இணை என்ற முறையான வழி இருக்கிறது. புதிய கணினியின் அடையாளத்தை ஏற்கவா என்ற கேள்விக்கு ‘யெஸ்’ அனுப்புவதற்குப் பதிலாக, 2017-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.6 முதல் கிடைக்கும் அக்செப்ட்-நியூ அமைப்பைக் கொடுங்கள். முதன்முறை காணும் கணினியை ஏற்றுக்கொள்ளும், அடையாளம் மாறிய கணினியை மறுத்துவிடும். பேட்ச்-மோடையும் சேர்த்தால், கடவுச்சொல் கேட்க வேண்டிய நிலை வந்தால் காத்திராமல் உடனே தோல்வியைத் தெரிவிக்கும்.

கணினிக்கூடம் எழுதியது:

எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்டை எழுதி முடித்துவிட்டேன். காலாவதி, இஓஎஃப் இரண்டுக்கும் கிளைகள் இருக்கின்றன. கடவுச்சொல் தனிக் கோப்பில் உள்ளது. சோதனைக் கணினி ஒன்றில் பழைய உரிமம் எஞ்சியிருந்ததால், அதை மேலெழுதவா என்று நிரல் புதிதாக ஒரு கேள்வி கேட்டது. ஸ்கிரிப்ட் தவறான விடை எதையும் அனுப்பாமல் காலாவதியில் நின்று தோல்விக் குறியீட்டைத் தந்தது. இப்போது அந்தக் கேள்விக்கும் ஒரு கிளை சேர்த்து, எக்ஸ்ப்-கன்டினியூ மூலம் தொடரச் செய்திருக்கிறேன்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். கணினிகளின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் வைத்து, அதை வரிவரியாகப் படிக்கும் வைல்-ரீட் சுழற்சிக்குள் ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்ஹெச் வழியாக இதை இயக்குகிறேன். முதல் கணினியில் வேலை முடிந்ததும் சுழற்சி பிழையேதுமின்றி நின்றுவிடுகிறது.

வரிமுனை எழுதியது:

அந்தச் சுழற்சிக்குள் இயங்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் ரீட் கட்டளைக்கும் எஸ்டிடின் ஒன்றுதான். தொலைவிலுள்ள கட்டளைக்கு உள்ளீடு தேவைப்படலாம் என்று கருதி, எஸ்எஸ்ஹெச் உங்கள் பட்டியலின் எஞ்சிய வரிகள் அனைத்தையும் படித்துவிடுகிறது. ரீட்டுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எஸ்எஸ்ஹெச்சுக்கு ‘-என்’ விருப்பத்தைக் கொடுங்கள். அது உள்ளீட்டை ‘/டெவ்/நல்’ கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தொலைக் கட்டளைக்கு உண்மையாகவே எஸ்டிடின் வழியாகத் தரவு அனுப்ப வேண்டியிருந்தால், பட்டியலை மூன்றாம் எண் விவரிப்பியில் திறந்து, ரீட்டுக்கு ‘-யூ 3’ என்று சொல்லி, எஸ்டிடினை எஸ்எஸ்ஹெச்சுக்கு விட்டுவிடுங்கள். காணொளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் போன்ற வேறு சில நிரல்களும் சுழற்சிக்குள் இவ்வாறே வரிகளை விழுங்கும். அதற்கு ‘நோஎஸ்டிடின்’ என்ற விருப்பம் உள்ளது.

கணினிக்கூடம் எழுதியது:

‘-என்’ சேர்த்ததும் பட்டியல் முழுவதும் ஓடி முடிந்தது. மிக்க நன்றி.